மஞ்சள் உருமாலும், விரல் துடைக்கத் தூண் இல்லாத கண்மாயும்

1

இந்தக் கதை ஒரு மேடையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்ததாகிவிடும்.

போன மாதம் மதுரையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. எழுதுகிறவர்களில் இன்னும் சொந்தப் பல்லால் முறுக்குக் கடிக்கிற கிழவன் நான் ஒருவன்தான் என்று கண்டுபிடித்து, எனக்கு ஒரு மஞ்சள் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் போகாத காலம். பட்டு எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தேன். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுத் துண்டின் ஓரத்தில் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். முன்வரிசை முழுவதும் என்னையே பார்த்தது.

தலைவர் பிச்சுமணி ஐயர் என் காதருகே குனிந்தார். "என்ன ஓய் பண்றீர்? மரியாதை பண்ணின துண்டு அது."

"சீமைச் சாயம்," என்றேன்.

"இருக்கட்டுமே."

"எதற்கும் மாறாது."

"மாறாமே இருந்தா நல்லதுதானே ஓய்?"

"அது என்ன நாள் என்பதைப் பொறுத்தது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கில், "நமது எழுத்தாளர் இதற்கு ஒரு விளக்கம் எழுதி நம் ஆண்டு மலருக்குத் தருவார்" என்று அறிவித்துவிட்டார். கைதட்டினார்கள். நீங்கள் படிப்பது அந்த விளக்கம். கதை மாதிரி இருந்தால் அதற்கு ஐயர்தான் பொறுப்பு.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

(அ) "மேலூருக்குக் கிழக்கே, பாறைக் குன்றுகளின் மேல் சூரியன் மெல்ல—"

நிறுத்திவிட்டேன். எல்லோருடைய கதையிலும் உதித்து உதித்து அது களைத்துப் போயிருக்கிறது. என் கதையில் அதற்கு ஓய்வு.

(ஆ) "அன்னக்கொடியின் கைகள் முழங்கை வரைக்கும் நீலம். முழங்கைக்கு மேல்—"

இது பரவாயில்லை. ஆனால் முழங்கைக்கு மேல் என்ன நிறம் என்று நான் எழுதினால், உமக்கு எப்படித் தெரியும் என்று வீட்டில் கேட்பார்கள்.

(இ) "தண்ணி ஓடுனாத்தான் சாயம். நின்னா அது சாக்கடை."

இது அன்னக்கொடி சொன்னது. இதை வைத்துக்கொள்கிறேன். கதைக்கு வேண்டியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மீதியை நீங்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

3

ஊருக்கு வாய்க்கால்பட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் என் மேல் வழக்குப் போடுவார்கள், அல்லது கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். இரண்டையும் தாங்குகிற வயிறு எனக்கு இப்போது இல்லை. மேலூருக்குப் பக்கம், பெரியாற்றுக் கால்வாயிலிருந்து பிரிந்து வருகிற ஒரு வாய்க்காலின் மேல் அது இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம், யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

அங்கே அன்னக்கொடி பட்டு உருமால்களுக்குச் சாயம் போட்டாள். உருமால் என்றால், தலையில் கட்டினால் தலைப்பாகை, கழுத்தில் விட்டால் துண்டு, கோபம் வந்தால் உதறித் தோளில் போடுவது. வெள்ளைப் பட்டை மதுரைத் தறிகளிலிருந்து வாங்கி வருவாள். சாம்பல் தண்ணீரில் வேகவைத்துப் பசையைப் போக்குவாள், படிகாரத்தில் ஊறப்போடுவாள், பிறகு நிறம். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கு மரக்கிளையில் பூச்சி கட்டுகிற கொம்பரக்கு; அதை இடித்துக் கரைத்து, புளிப்புக் காட்டி, பட்டை அதில் முக்கி எடுத்தால் வருகிற சிவப்பு இருக்கிறதே, அது வெயிலுக்கோ வியர்வைக்கோ மாமியாருக்கோ பயப்படாது.

அந்தச் சிவப்பு உருமாலைக் கட்டிக்கொண்டு அலங்காநல்லூர்ப் பக்கம் போன ஒருவரை ஒரு காளை முட்ட வந்தது. பத்தடி தூரத்தில் நின்று நிறத்தைப் பார்த்தது. தன் தகுதிக்கு மேற்பட்ட சிவப்பு என்று புரிந்துகொண்டு, வழி விட்டு ஒதுங்கி நின்றது. அவள் அரக்குச் சாயம் அலசுகிற நாளில் வாய்க்காலில் பிடித்த கெளுத்தி மீனுக்கு மிளகாய்ப்பொடி போட வேண்டியதில்லை. குழம்பு தானாகச் சிவந்துவிடும்.*

அவளுக்கு அடக்கம் என்ற குணம் கிடையாது. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். "என் செவப்ப மழையில காயப்போட்டாக்கூட மழைதான் வெளுக்கும்" என்று சந்தையில் நின்று சொல்வாள். அவள் புருஷன் சுருளி பக்கத்தில் நிற்பான். அவன் ஊமை அல்ல. பேச முறை வரவில்லை.

* இதில் பாதி பொய். மீன் உண்மை.

4

இப்போது வில்லன் வர வேண்டும். வந்துவிட்டார், ஆனால் எனக்கு அவர் மேல் சந்தேகமாக இருக்கிறது.

முத்திருளன் ரைஸ் மில் முதலாளி. முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசையும், சிவந்த கண்ணும், காலால் நாயை எட்டி உதைக்கும் பழக்கமும் கொடுத்திருந்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால் அவருக்கு மீசையே கிடையாது. நாய்களுக்குச் சோறு போடுவார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் அரிசி மூட்டை அவர் மில்லிலிருந்துதான் போகும். நான் அந்த மில்லில் மூட்டைக்கு எடை போடுகிறவனாக இருந்தேன், அதனால் தெரியும். ஆக, கெட்டவர் இல்லை. ஊரில் ஓடுகிற எதுவும் தம்மைக் கேட்டுத்தான் ஓட வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான். அதில் தண்ணீரும் சேர்த்தி.

புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட அவர் பெரிய தொட்டிகள் கட்டியிருந்தார். வாய்க்காலை மேலேயே மடக்கித் தொட்டிக்குத் திருப்ப நினைத்தார். மதகு பஞ்சாயத்தின் வசம். அதனால் பஞ்சாயத்துப் பிரசிடெண்டாக வேண்டும் என்று தீர்மானித்தார். மதகு திரும்பினால் அன்னக்கொடியின் சாயத்தொட்டி அதோடு சரி. கிணற்றுத் தண்ணீரில் பட்டை அலசினால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும், யாரும் வாங்க மாட்டார்கள். ஓடுகிற தண்ணீர் வேண்டும்.

ஆக இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது ஒரு மதகு. கதைக்குப் போதுமா என்று யோசித்தேன். அன்னக்கொடிக்குப் போதும். அவளுக்குப் போதுமானது எனக்கும் போதும்.

5

எதிர்த்து நிற்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா. இதற்காக நான் ஓர் இளம் வாத்தியாரைக் கொண்டுவந்தேன். கதர்ச் சட்டை, தெளிவான கண்கள். அவர் பேசத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் அவரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி மேலூருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார் என்று கேள்வி.

அன்னக்கொடியே நின்றாள். வேறு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தேர்தல் நடத்த மதுரையிலிருந்து வந்த ஹாலாஸ்யம் என்ற உத்தியோகஸ்தர் அவள் மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பொம்மனாட்டி நிக்கப்படாதுன்னு சட்டத்திலே இல்லே. நிக்கணும்னும் இல்லே. யோசிச்சுக்கோ."

"யோசிக்க நேரமில்லைங்க சாமி. அவுரி புளிச்சுக் கெடக்கு, போயி கலக்கணும்."

ஓட்டுப் போடுவது எப்படி என்று ஹாலாஸ்யம் ஓர் உத்தரவு போட்டார். அதுவரை கை தூக்கித்தான் வழக்கம். போன தேர்தலில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். இன்னொருவன் பக்கத்தில் தூங்கினவன் கையைத் தூக்கிவிட்டான். அதனால் இந்தத் தடவை நிறம். முத்திருளனுக்கு மஞ்சள், அன்னக்கொடிக்குச் சிவப்பு. அவரவர் கழுத்தில் அவரவர் நிறத் துண்டோடு தனித்தனியாக உட்கார வேண்டும், அவர் எண்ணிக்கொள்வார். மஞ்சள் என்றால் மஞ்சள், சிவப்பு என்றால் சிவப்பு, வாய்ப்பேச்சு செல்லாது.

இப்படி ஒரு தேர்தல் எங்கும் நடந்ததில்லை என்று நீங்கள் சொல்லலாம். வாய்க்கால்பட்டியும் எங்கும் இல்லை.

6

மறுநாளே முத்திருளன் அன்னக்கொடியின் சாயக்கொட்டகைக்கு வந்தார். அந்தக் காட்சியை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பட்டுப்பொதியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான்.

"அன்னக்கொடி, ஊருல எல்லாருக்கும் பட்டு உருமா கொடுக்கப் போறேன். மஞ்சளா. நீதான் சாயம் போடணும்."

"ஒங்களுக்கு எதுத்தாப்புல நிக்கிறவ நானு. எங்கிட்டயே வாரீகளே அண்ணே."

"அதுக்காகத்தான் வாரேன். ஒங் கையாலயே முக்கி எடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் சிரித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நான் பொதியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

"போடுறேன். மாதுள ஓடும் கடுக்காயும் போட்டு ஒரு மஞ்ச இருக்கு. கொஞ்சம் மங்கல். ஆனா ஆயுசுக்கும் நிக்கும்."

முத்திருளன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாதிரித் துணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது என்னாத்தா, காமாலக் கண்ணு மாதிரி. மஞ்சன்னா மஞ்சளா இருக்க வேணாமா? கொத்து மஞ்சள அரைச்சுப் போடு. தகதகன்னு இருக்கணும்."

"போடலாம்ணே. பாக்கத் தகதகன்னுதான் இருக்கும். ஆனா பச்ச மஞ்ச, சுண்ணாம்பக் கண்டா ஒங்க பக்கம் நிக்காது. சொல்லிப்புட்டேன். இந்தா, எட போடுற அண்ணனும் கேட்டுக்கிருங்க."

"எம் பக்கம் நிக்காம எங்கிட்டுப் போகும்? மொக தாட்சணியம் பாக்காம போடு."

அவள் போட்டாள். ஏமாற்றவில்லை, ஒரு துளி கலப்படம் செய்யவில்லை. அழகர்கோவில் மலையடிவாரத்து மஞ்சளாகத் தேடி வாங்கி, உரலில் இடித்து, பெரிய செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து முக்கி எடுத்தாள். வாய்க்கால் கரை முழுக்க அவை காய்ந்தபோது, மேலே பறந்த கொக்குகள் பொழுது விடிந்துவிட்டதோ என்று திரும்பி வந்தன. (இதையும் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உருமால்கள் வீடு வீடாகப் போயின. பட்டு. அதுவரை அந்த ஊரில் பட்டைத் தொட்டவர்கள் கல்யாண நாளில் ஒருமுறை தொட்டவர்கள். யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கும் ஒன்று கிடைத்தது. அன்னக்கொடியும் தன் பங்குக்குச் சிவப்பு உருமால்கள் வைத்திருந்தாள். அவற்றை வாங்கிக் கழுத்தில் போட்டவன் சுருளி ஒருவன்தான். அவனுக்கும் வேறு வழியில்லை.

7

தேர்தல் நாள். இடம், ஊர்க் கண்மாய். மராமத்துக்காக அந்த வருஷம் கண்மாயைக் காயப்போட்டிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் துறையில் சலவைக்கார மலையாண்டி வழக்கம்போல வெள்ளாவிக்கு உவர்மண் கரைத்துப் பானைகளில் வைத்திருந்தார்.

கண்மாய்க்குள் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள். கடுகுச் செடி பூத்த மாதிரி. இன்னொரு பக்கம் சுருளி.

ஓட்டு ஆண்களுக்குத்தான் அதிகம். வரி அவர்கள் பெயரில். பெண்கள் கரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்னக்கொடி சிவப்புப் பக்கத்தில் புருஷனுக்கு அருகில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். பின்னால் நின்று பார்த்தவர்கள், அந்த நீலக் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன என்றார்கள்.

முத்திருளன் வெற்றிலைத் தட்டுகளை அனுப்பினார். ஒருவர் கொடுக்கிற வெற்றிலையை வாங்கிப் போட்டால் அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம். அது எங்கள் பக்கத்து மரபு. தட்டுகளை அடுக்கியது அவர் மனைவி சின்னத்தாய். வெற்றிலை மேலூர் வெற்றிலை. சுண்ணாம்பு தாராளம். தட்டுக்குத் தட்டு உள்ளங்கை நிறைய இருந்தது.

எல்லோரும் எடுத்தார்கள். காம்பைக் கிள்ளினார்கள். விரலால் சுண்ணாம்பைத் தொட்டு, வெற்றிலையின் முதுகில் தடவி, பாக்கை வைத்து மடித்து, வாயில் போட்டார்கள். விரலில் மிச்சச் சுண்ணாம்பு நின்றது.

மதுரைச் சீமையில் எந்த வீட்டுத் தூணையும் பாருங்கள். இடுப்பு உயரத்தில் வெள்ளை விரல் கோடுகள் இருக்கும். சுண்ணாம்பு விரலைத் துடைப்பதற்குத்தான் தூணே நட்டார்களோ என்று தோன்றும். கண்மாய்க்குள் தூண் இல்லை. சுவர் இல்லை. இருந்ததெல்லாம் கருவேல மரம். அதில் துடைத்தால் முள்.

எவனோ ஒருவன் விரலை உருமாலில் துடைத்தான்.

துடைத்த இடத்தில், விரல் அகலத்துக்கு, மஞ்சள் மறைந்து இரத்தச் சிவப்பாக ஒரு கோடு எழுந்தது.

கரைமேலிருந்து முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். முத்துத்தாய் என்று ஊர்க்காரி ஒருத்தி. "அடி ஆத்தி, ஆம்பளைகளுக்கு ஆலாத்தி கரைச்சாச்சுடி" என்றாள். பெண்கள் வரிசை வரிசையாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் இன்னொரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. முத்திருளன் எழுந்தார். தம் படை அங்கங்கே வெட்டுப்பட்ட மாதிரி இருப்பதைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"கறைங்கய்யா," என்றது ஒரு குரல். "சபையில கறைத் துண்டோட எப்படி ஒக்கார?"

"ஒக்காராதீக. ஓடுங்க. வாய்க்கால்ல அலசிட்டு ஓடியாங்க."

இது அவர் வாயிலிருந்து வந்த உத்தரவு. நான் எழுதிக்கொடுத்தது அல்ல.

ஓடினார்கள். மலையாண்டியின் துறையில் போய் நின்றார்கள். "கறை போகணும்ப்பா" என்றார்கள். மலையாண்டி அவர்களையும் உருமால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உவர்மண்ணுல போட்டாத்தான் போகும்," என்றார்.

"அப்பப் போடு."

மஞ்சளுக்குச் சுண்ணாம்பு என்ன செய்யுமோ அதையே உவர்மண்ணும் செய்யும். பானைக்குள் மஞ்சளாகப் போன பட்டு, வெளியே வரும்போது நுனி முதல் நுனி வரை சிவப்பு. பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, கரையேறி வந்தார்கள்.

8

இங்கே கதை நின்றுவிட்டது. மூன்று நாள் நின்றது.

ஏனென்றால், எழுதினவரைக்கும் என் மனைவி தங்கப்பொண்ணுவிடம் படித்துக் காட்டினேன். அவள் அந்த ஊர்க்காரி. அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். உருமால்கள் சிவந்த இடத்தில் நறுக்குவதை நிறுத்தினாள்.

"இந்தா பாருங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு நம்ம வீட்டுப் பூனைக்குத் தெரியும்."

"சரி."

"பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறோம். புள்ளத்தாச்சிக்கு எடுக்கிறோம். அம்புட்டுப் பேரு வீட்டுலயும் அதான் தாம்பாளத்துல கரைக்கிறது. ஊருல ஒருத்தனுக்குமா தெரியாமப் போச்சு?"

உண்மைதான். கதையின் அடியில் இவ்வளவு பெரிய ஓட்டை. சமாளிக்கப் பார்த்தேன். ஆண்கள் ஆரத்தித் தட்டைப் பார்ப்பதில்லை என்று எழுதி அடித்தேன். பதற்றத்தில் மறந்துவிட்டார்கள் என்று எழுதி அடித்தேன்.

"அதோட," என்றாள், "வெரல மண்ணுல தொடச்சிருக்கலாம். வேட்டியில தொடச்சிருக்கலாம். வெள்ளை வேட்டியில வெள்ளைச் சுண்ணாம்பு தெரியவா போகுது? பட்டுல போயா தொடைப்பாக?"

"அப்படியானால் நான் எழுதினது தப்பா? நீயும்தானே கண்ணால் பார்த்தாய்?"

"நடந்தது நடந்தபடிதான் எழுதியிருக்கீக. தப்புன்னு நீங்கதான் நினைச்சுக்கிட்டிருக்கீக." ஒரு வெண்டைக்காயை எடுத்து முனையை ஒடித்துப் பார்த்தாள். "மொதல்ல தொடச்சவன் தெரியாமத் தொடச்சிருக்கலாம். ரெண்டாவதாத் தொடச்சவன் தெரிஞ்சேதான் தொடச்சான்."

அப்புறம் நறுக்கத் தொடங்கிவிட்டாள். எழுத்தாளன் நான்; கதை இன்னதென்று புரிந்தது அவளுக்கு.

முத்திருளன் கொடுத்த பட்டை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவர் முகத்துக்கு நேரே சிவப்பைக் கழுத்தில் போடவும் தைரியம் இல்லை. நாளைக்கு அவர் மில்லில்தான் நெல் அரைக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்பு பட்டால்? கறை ஆனால்? அவரே துவைக்கச் சொன்னால்? மலையாண்டி உவர்மண்ணில் போட்டால்? அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

மாறாத சாயமாக இருந்திருந்தால் அன்று ஒருவனும் மாறியிருக்க முடியாது. பிச்சுமணி ஐயர் கவனிக்க.

9

கதை மறுபடியும் நடக்கிறது.

முத்திருளன் கரையைப் பார்த்துக் கத்தினார். புளித்தண்ணீரில் அலசினால் சிவப்புத் திரும்ப மஞ்சளாகிவிடும் என்று அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் ஆலாத்தி எடுத்த தாம்பாளத்தைப் புளி போட்டுத்தான் துலக்குகிறார்கள்.

"ஏய் சின்னத்தாய், வீட்டுல புளி கெடக்கா?"

"அம்புட்டையும் போன சந்தையில வித்துப்புட்டீகளே."

"ஒரு உருண்டகூடவா இல்ல?"

"நேத்து ரசத்துக்கே இல்ல. நீங்கதான் என்ன இது சப்புன்னு இருக்குன்னீக."

கரைமேல் இருந்த மற்ற எந்தப் பெண்ணின் வீட்டிலும் அன்று புளி இல்லையாம். முந்தின நாள் ரசம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

ஹாலாஸ்யம் எழுந்தார். ஈரச் சிவப்புக் கழுத்துகளோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "என்னய்யா இது, காத்தாலே மஞ்சளா இருந்துதே?"

"வெயிலுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும் சாமி," என்றார் ஒரு பெரியவர்.

ஹாலாஸ்யம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை ஆரத்தி உண்டு என்பதை இங்கே நினைவில் வைக்கவும்.

"சிவப்பெல்லாம் அந்தப் பக்கம் போய் உக்காருங்கோ. உத்தரவு உத்தரவுதான்."

ஒருவர் மட்டும் நடந்து போய்ச் சுருளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முத்திருளன் கையை நீட்டினார்.

"டேய், அது நாங் குடுத்த துண்டுடா."

"துண்டு ஒங்க துண்டுதாண்ணே," என்றார் போனவர், மரியாதையாக. "நெறந்தான் சர்க்காருக் கணக்கு. மீறுனா ஜெயிலு."

அதற்குப் பிறகு மடை திறந்தது. கண்மாயின் ஒரு பக்கம் காலியாகி இன்னொரு பக்கம் நிறைந்தது. போகிறபோது ஒவ்வொருவரும் முத்திருளனைப் பார்த்து, நான் என்ன செய்ய அண்ணே என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு வருத்தமான முகங்களும் அவ்வளவு வேகமான கால்களும் ஒரே உடம்பில் இருந்து நான் பார்த்ததில்லை. சுருளியைச் சுற்றி ஊர் முழுக்க உட்கார்ந்தது. அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பேச முறை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

"தள்ளி ஒக்காருங்கப்பா," என்றான். "ஈரம்."

ஹாலாஸ்யம் எண்ணி முடித்து, அன்னக்கொடி பிரசிடெண்ட் என்று அறிவித்தார். கரைமேல் எழுந்த குலவையில் கருவேல மரத்துக் காக்கைகள் எழும்பி அழகர் மலைக்குப் போய்விட்டன. சில இன்னும் திரும்பவில்லை. அன்னக்கொடி பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தாள். அவ்வளவு நேரம் இறுக்கியதில் நீலத்தின் நடுவே விரல் தடங்கள் வெளுத்திருந்தன. கும்பிட்டாள். பிறகு, அவுரி கலக்க நேரமாயிற்று என்று சொல்லிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் பட்டு அலசினாள். நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் மில் வாசலைக் கடந்து ஓடிற்று. முத்திருளன் வாசலில் நின்று பார்த்தார். நான் உள்ளே எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்; இருட்டும் வரை ஒரே கல்லைத் துடைத்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் சொல்லப்போகிற பதில் அவருக்குத் தெரியும்: நீங்கதானே அண்ணே தொவைக்கச் சொன்னீக.

சில நாள் கழித்து அவர் தனியாகச் சாயக்கொட்டகைக்குப் போனார்.

"அன்னக்கொடி, எனக்கு ஒரு உருமா வேணும். இந்த வாட்டி மாறாததாக் குடு."

"மாறாததுன்னா எங்கிட்டச் செவப்புத்தாண்ணே இருக்கு."

கொடியில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். நன்றாக இருந்தது அவருக்கு.

10

வேறு முடிவுகளும் வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

புளித்தண்ணீர் வந்து சேருகிறது, சிவப்பு மஞ்சளாகிறது, மதகு மூடப்படுகிறது, அன்னக்கொடி வற்றிய வாய்க்காலைப் பார்த்தபடி நிற்கிறாள். சோகமானது. பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஆனால் போன வாரம்தான் அந்த வாய்க்காலில் கால் நனைத்துவிட்டு வந்தேன். ஓடுகிற தண்ணீரை என்னால் நிறுத்த முடியாது.

மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வாத்தியார் திரும்பி வருகிறார். இதெல்லாம் தன் யோசனை என்கிறார். அவருக்கு நான் திரும்புகிற டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

11

ஒன்றுதான் மிச்சம். முதலில் துடைத்த விரல் யாருடையது?

அன்று கேட்டபோது ஒவ்வொருவனும் நான் இல்லை என்றான். வெற்றி ஊர்வலத்தில் ஒவ்வொருவனும் நான்தான் என்றான். பத்து வருஷமாக அந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள், பெண்ணின் தகப்பன்தான் அந்த விரலுக்குச் சொந்தக்காரர் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சுண்ணாம்பை அவ்வளவு அள்ளி வைத்த சின்னத்தாயைக் கேட்டேன். கை தவறிவிட்டது என்றாள். தங்கப்பொண்ணுவைக் கேட்டால், கரைமேலிருந்து பார்க்கையில் வெயில் கண்ணில் அடித்தது என்கிறாள். என்னைக் கேட்காதீர்கள். நான் எடை போடுகிறவன். எனக்கு முன்னால் தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வெளியே சொல்லிப் பழக்கமில்லை.

தெரிந்தே துடைத்தவனா, தெரியாமலா? எத்தனை தடவை எழுதினாலும் அந்த விரலுக்கு மேலே ஒரு முகம் வரவில்லை. அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். ஏழாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். இடம் இருக்கிறது, தள்ளி உட்காரச் சொல்கிறேன்.

உட்கார்ந்துவிட்டீர்களா? கழுத்தில் பட்டு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். தகதகவென்ற மஞ்சள். எதிரே, தூரத்தில், சுருளிக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முத்திருளன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெற்றிலை வாய்க்குள் போய்விட்டது. விரலில் கொஞ்சம் சுண்ணாம்பு நிற்கிறது. தரையில் மண் இருக்கிறது, இடுப்பில் வெள்ளை வேட்டி இருக்கிறது.

தூண்தான் இல்லை.